டீசல் மிச்சமான ஞாயிற்றுக்கிழமைகள்

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம், எங்கள் வீட்டில் எந்தப் பேச்சை எங்கே தொடங்கினாலும் அது டீசலில் போய்த்தான் முடியும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று அம்மா சொன்னால், மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று அப்பா கேட்பார். ஆற்றிங்கல் என்று தெரிந்ததும், அங்கே போய்வர நம் வண்டி எவ்வளவு குடிக்கும் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். பெண்ணைப் பற்றியும் மாப்பிள்ளையைப் பற்றியும் அதற்குப் பிறகு பேச வழியிருக்காது.

கரமனையில் எங்களுக்கு வாடகைப் பாத்திரக் கடை இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்கு வந்து அப்பா தொடங்கிய கடை. கல்யாணம், காதுகுத்து, சர்ச் பெருநாள், கட்சிக் கூட்டம் எதுவானாலும் நாற்காலி, மேசை, அண்டா, உருளி எல்லாம் எங்களிடமிருந்து போகும். கொண்டுபோய்க் கொடுக்கவும் திரும்ப எடுத்துவரவும் ஒரு டீசல் பிக்கப் இருந்தது. நான் பிறக்கும்போதே அது பழைய வண்டி. ஒரு காலத்தில் நீலமாக இருந்ததாகச் சொல்வார்கள். கிலோமீட்டர் காட்டும் முள் எப்போதோ ஓய்ந்துவிட்டது. ஏற்றத்தில் அது விடும் கரும்புகையைப் பார்த்து, பின்னால் வருகிற கார்க்காரர்கள் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள்.

வண்டி இப்படிக் குடிப்பதற்கு அப்பா ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் வைத்திருந்தார். ஒரு நாள் பம்பில் கலப்படம் என்பார். மறுநாள் ரோடு சரியில்லை என்பார். மழை பெய்தால் மழை, வெயில் அடித்தால் வெயில். கடைசியில் ஒரு நாள், இதை விற்றுத் தொலைத்துவிட்டு லோடுக்கு வாடகை வண்டி வைத்துக்கொள்ளலாம் என்று முடிவுக்கு வந்தார். நெடுமங்காட்டிலிருந்து ஒரு புரோக்கர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, டயரை ஒரு உதை உதைத்துவிட்டுப் போனார். எனக்கு அந்த உதை பிடிக்கவில்லை.

அப்போதுதான் சின்ன மாமா குறுக்கே வந்தார். அம்மாவின் தம்பி. கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு எங்கள் மாடி அறையில் தங்கியிருந்தார். ஓட்டத் தெரிந்தது ஸ்கூட்டர் மட்டும்தான்.

"அத்தான், இப்போ விக்காதிய. ஓணம் வரைக்கும் எனக்கு டைம் தாங்க. மைலேஜ ஏத்திக் காட்டுதேன்" என்றார்.

"ஒனக்கு வண்டியப் பத்தி என்ன மாப்ள தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. படிச்சிட்டு வாறேன்."

சரி, ஓணம் வரை பார்ப்போம் என்று அப்பா விட்டுவிட்டார்.

மாமா உண்மையிலேயே படித்தார். இரவு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டு வந்து, அமெரிக்காவில் யாரோ ஒருவர் தன் பழைய டீசல் வண்டியை என்ன செய்தார் என்று விளக்கத் தொடங்கிவிடுவார். அந்த அமெரிக்கக்காரர் நாற்காலி ஏற்றுவாரா என்று அம்மா கேட்டாள். மாட்டாராம்.

பரிசோதனை செய்யத் தோதாக ஒரு பயணமும் அமைந்திருந்தது. வித்துராவில் புதிதாக ஒரு கல்யாண மண்டபம் திறந்திருந்தார்கள். சொந்தமாக நாற்காலி, பாத்திரம் வாங்க அவர்களுக்கு இன்னும் கைகூடவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் சாமான்கள் காலையில் போய், பந்தி முடிந்ததும் சாயந்திரம் திரும்பிவரும். அதே ரோடு, அதே லோடு. மாமாவின் ஏற்பாடு எளிமையானது. போகும்போது எங்கள் தெருமுனை பம்பில் டேங்கை வாய்வரை நிரப்ப வேண்டும். திரும்பி வந்ததும் அதே பம்பில் மறுபடியும் வாய்வரை நிரப்ப வேண்டும். இரண்டாவது தடவை எவ்வளவு கொள்கிறதோ, அவ்வளவு வண்டி குடித்திருக்கிறது. டீசல் நுரைக்கும் என்பதால் நுரை அடங்கும்வரை காத்திருந்து, வண்டியைப் பிடித்து ஆட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வார். பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர்கள் ஹார்ன் அடிப்பார்கள். பம்ப்காரர் மாமாவைப் பார்க்கும் பார்வையில் அனுதாபம் இருக்கும்.

முதல் வாரம் வண்டியைக் காலி செய்தார்கள். தேவையில்லாத பாரம் டீசலைத் தின்னும் என்று மாமா படித்திருந்தார். சீட்டுக்குப் பின்னாலிருந்து துருப்பிடித்த சங்கிலி, கால் உடைந்த நாற்காலிகள், வேலை செய்யாத ஜாக்கி, கல்லாகிப்போன அரை மூட்டை சிமெண்ட், யாரோ ஒரு கல்யாண வீட்டுக்காரரின் அம்மிக் குழவி எல்லாம் வெளியே வந்தன. குழவிக்கு உரியவர் என்றைக்காவது கேட்டு வருவார் என்று அப்பா அதை வருஷக்கணக்கில் ஊரெல்லாம் சுமந்திருக்கிறார்.

அடுத்த வாரம் ஏர் ஃபில்டர். கிள்ளிப்பாலம் மெக்கானிக் பழையதைக் கழற்றித் தரையில் தட்டியபோது எழுந்த புழுதியில் அப்பா, மாமா, நான் மூவரும் தும்மினோம். புதியது போட்டார்கள். அதற்கடுத்து டயர் காற்று. வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் காலையிலேயே பார்க்க வேண்டுமாம். பிறகு காற்று பிடிக்காமல் இருக்க லோடுமேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். நடுவில் டீசல் குழாயில் மாட்டும் காந்தம் ஒன்றை மாமா வரவழைத்தார். அதனால் ஒரு பலனும் தெரியவில்லை. அம்மா அதை எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் கேஸ் புக்கிங் சீட்டை ஒட்டவைக்கப் பயன்படுத்திக்கொண்டாள். அங்கே அது நன்றாக வேலை செய்தது.

ஒவ்வொரு ஞாயிறும் அப்பா ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்காருவேன். புகையைக் கவனிக்க மாமா ஸ்கூட்டரில் பின்தொடர்வார். திரும்பி வரும்போது அவருடைய ஹெல்மெட் கண்ணாடியும் சட்டையும் கரி பிடித்திருக்கும். டீசல் கொஞ்சம் குறைந்தது என்பது உண்மைதான். ஆனால் புரோக்கரை வரவேண்டாம் என்று சொல்லும் அளவுக்குக் குறையவில்லை.

மிச்சக் காரணம் என்னவென்று மாமாவுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். எனக்கே தெரியும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அது அப்பாவின் வலது கால். முன்னால் ஒரு வண்டி போவதை அப்பாவால் பொறுத்துக்கொள்ள முடியாது. பஸ் என்றால் கேட்கவே வேண்டாம். ஹார்னை அழுத்திக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். முந்திப் போனதும் ஒரு ஹம்ப், அதாவது வேகத்தடை, வரும். பிரேக்கை மிதிப்பார். பின்னால் அண்டாக்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். ஹம்ப் தாண்டியதும் மறுபடியும் மிதிப்பார். வீட்டில் அவ்வளவு சாந்தமாக இருக்கும் மனிதர், வண்டிக்குள் ஏறினால் யாரோ துரத்துவதுபோல் ஆகிவிடுவார்.

இதை யார் அவரிடம் சொல்வது? மாமா ஒரு தடவை முயன்றார். "அத்தான், கொஞ்சம் மெதுவாப் போனா..." என்று இழுத்தார். "லோடோட மெதுவாப் போனா வண்டி இழுக்காது மாப்ள" என்று அப்பா அன்பாகவே சொன்னார். அக்கா புருஷனிடம் அதற்குமேல் பேச மாமாவால் முடியவில்லை. ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் உருளி விழுந்தது. பாயசம் காய்ச்சும் பெரிய வெண்கல உருளி. கடையில் அடுக்கிவைக்கும்போது கைநழுவி அப்பாவின் வலது கால் பெருவிரலில் விழுந்துவிட்டது. எலும்பு உடையவில்லை. ஆனால் நகம் பெயர்ந்து, கால் பூசணிக்காய்போல வீங்கிவிட்டது. கட்டுப்போட்ட டாக்டர், காலைத் தொங்கவிடாமல் உயரத்தில் வைத்திருக்கச் சொல்லி அனுப்பினார். நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எப்போதாவது வந்து ஓட்டிக்கொடுக்கும் டிரைவர் கொழுந்தியாள் நிச்சயதார்த்தத்துக்காக நெய்யாற்றின்கரை போய்விட்டார். வித்துராவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். உட்கார நாற்காலி இல்லாமல் எப்படி நடக்கும்? அப்பா காலை ஸ்டூல்மேல் வைத்துக்கொண்டு ஆளாளுக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

"நான் கொண்டு போறேன்" என்றாள் அம்மா.

அம்மாவிடம் லைசென்ஸ் இருந்தது. கடை வாசலில் வண்டியை ஒதுக்கிப் போட ஒரு ஆள் வேண்டும் என்று அப்பாதான் அவளை டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டிருந்தார். அதற்கேற்ப அவளும் தெருவில் முன்னே பின்னே எடுப்பாள், பம்பு வரை கொண்டுபோவாள். அதோடு சரி.

"நீ கிழக்கேகோட்டையே தாண்டினதில்ல" என்றார் அப்பா.

"கோட்டைக்கு அந்தப் பக்கமும் ரோடு இருக்கத்தானே செய்யுது."

அப்பா கையிலிருந்த போனைக் கீழே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா ஒரு தலையணையை மடித்து சீட்டில் போட்டு ஏறி உட்கார்ந்தாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நான் பக்கத்தில். மாமா ஸ்கூட்டரில் பின்னால். அப்பா வாசல்வரை நொண்டி வந்து, கிளட்ச், கியர், பிரேக் என்று தொடங்கிப் பெரிய உபதேசம் செய்தார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பழவங்காடியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, கணபதிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தாள். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு ரோட்டை மட்டும் பார்த்தாள். பாளையம் தாண்டியதும் பிடி தளர்ந்தது. பேரூர்க்கடை தாண்டியபோது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அவ்வளவு மெதுவாக அந்த வண்டி போய் நான் பார்த்ததில்லை. ஹம்ப் வருவது தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்துவிடுவாள். வண்டி தானாக உருண்டுபோய் அதன்மேல் ஏறி இறங்கும். பின்னால் பஸ் ஹார்ன் அடித்தால், கையை வெளியே நீட்டி, போங்க என்று காட்டுவாள். ஒரு பஸ், இரண்டு லாரி, எண்ணிக்கையில்லாத ஆட்டோக்கள் எங்களைத் தாண்டிப் போயின. எனக்கு அவமானமாக இருந்தது. அண்டாக்கள் பின்னால் சத்தமே போடவில்லை.

நெடுமங்காடு தாண்டியதும் ரப்பர் தோட்டங்கள் தொடங்கின. வீட்டு முற்றங்களில் துணி காயப்போடுவதுபோல ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் போட்டிருந்தார்கள். அம்மா கடைப் பலகைகளை எல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். மலையாள எழுத்தை அவள் பஸ் போர்டுகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருந்தாள். பலகை பெரிதாக இருந்தால் படித்து முடிக்கும்வரை வண்டி இன்னும் மெதுவாகும். சுள்ளிமானூர், தொளிக்கோடு என்று ஊர்ப் பெயர்களை அவள் சொல்லிப் பார்த்தது, கடையில் புதுச் சேலையை விரித்துப் பார்ப்பதுபோல இருந்தது. மாமா பொறுமையிழந்து முன்னால் போய், ஒவ்வொரு டீக்கடையிலும் ஒரு டீ குடித்துவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார். அப்பாவிடமிருந்து போன் வந்தபடியே இருந்தது.

"எடுக்கட்டுமாம்மா?"

"வண்டி ஓட்டும்போது போன் பேசப்படாதுன்னு ஒங்கப்பாதானே சொல்லியிருக்காவ" என்றாள் அம்மா.

மண்டபத்தில் இறங்கியபோது மேனேஜர் அம்மாவையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "சேச்சியாணோ ஓடிச்சது?" என்று கேட்டார். அம்மா, ஆமாம், நான்தான் ஓட்டினேன் என்று சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டே சொன்னாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கத்தியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து எட்டிப்பார்த்தார்கள்.

லோடு இறக்கியானதும் பந்தி முடிகிறவரை வேலை இல்லை. வழக்கமாக அப்பா வண்டிக்குள்ளேயே தூங்கிவிடுவார். அன்றைக்கு மாமாதான் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மண்டபத்துக்குள் ஒரு மூலையில் தூங்கிப்போனார். அம்மா வாசலில் நின்று, பொன்முடி போகும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தால போனா என்ன வரும்?" என்று மேனேஜரிடம் கேட்டாள்.

கல்லாறு வரும் என்றார் அவர்.

கல்லாறு உண்மையிலேயே கல்லும் ஆறுமாகத்தான் இருந்தது. உருண்டைக் கற்களுக்கு நடுவே கண்ணாடிபோலத் தண்ணீர். அம்மா வண்டியை மரநிழலில் நிறுத்தினாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையோரத்தில் கணுக்கால் ஆழத்தில் போய் நின்றாள். எனக்கும் கையைக் கொடுத்து இறக்கிவிட்டாள். தண்ணீர் ஐஸ்போல இருந்தது. நான் மீன்குஞ்சுகளைப் பிடிக்கப் பார்த்தேன். அம்மா எதுவும் செய்யவில்லை. மலையைப் பார்த்தபடி சும்மா நின்றாள். வீட்டில் அவள் சும்மா நின்று நான் பார்த்ததில்லை என்பதால், உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று சிரித்தாள்.

மாமா கண்விழிப்பதற்குள் மண்டபத்துக்குத் திரும்பிவிட்டோம். சாயந்திரம் அதே வேகத்தில், மாமா இந்த முறை பின்னாலேயே வர, ஊர் வந்து சேர்ந்தோம். வழியிலேயே மாமா ஒன்றைக் கவனித்துவிட்டார். பம்பில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் தன் சட்டையைப் பிடித்து எங்களிடம் காட்டினார். கரியே இல்லை. டீசல் போடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் டேங்க் வாய்வரை வந்து நுரைத்தது. மாமா நம்பவில்லை. வண்டியை ஆட்டினார். பம்ப்காரரும் இரக்கப்பட்டு ஒரு பக்கம் பிடித்து ஆட்டினார். இன்னும் ஒரு வாய் இறங்கியது. அவ்வளவுதான். பம்புக் குழாய் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று மாமா பம்ப்காரரைக் கேட்டு, ஒரு முறைப்பை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மாமா மூச்சுவாங்கச் சொன்னதை அப்பா முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டார்.

"ஃபில்டர் செட்டாக நாலு வாரம் ஆகும் அத்தான். இப்பதான் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு" என்றார் மாமா.

"டயர் காத்தும்தான்" என்றார் அப்பா.

"ஆமா, காத்தும்தான்."

அப்பாவின் வலது காலைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. கல்லாறு போய்வந்த தூரத்தையும் சேர்த்தால் மைலேஜ் இன்னும் கூடுமே என்று எனக்கு வாய் துறுதுறுத்தது. அம்மா அதைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பில் பால் வைக்கப் போனாள். அப்பாவின் பார்வை அவள் சேலைக் கரையில் போய் நின்றது. அதில் ஈரம் காய்ந்து ஆற்றுமணல் ஒட்டியிருந்தது.

"வித்துரால மழையோ?"

"இல்லயே" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

அப்பா ஸ்டூல்மேல் இருந்த காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். "அடுத்த வாரம் போகும்போது ஒரு துண்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். மழை இல்லை என்று சொன்ன பிறகு எதற்குத் துண்டு என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் புரோக்கருக்குப் போன் செய்து, வண்டி விற்கிறதாக இல்லை என்று சொல்லிவிட்டார். மாமா தன்னுடைய ஆராய்ச்சி வென்றதைக் கொண்டாட எல்லோருக்கும் போளி வாங்கிவந்தார். கால் குணமாகும்வரை ஞாயிற்றுக்கிழமை லோடை அம்மாவே கொண்டுபோகட்டும் என்று அப்பா அறிவித்தார். டீசல் மிச்சம் பாரு என்று எல்லோரிடமும் காரணமும் சொன்னார்.

ஓணம் வந்தது, போனது. கால் குணமாகவில்லை. அதாவது, திங்கள் முதல் சனி வரை நன்றாகத்தான் இருந்தது. அப்பா ஏணியில் ஏறுவார், அண்டாவைத் தோளில் தூக்குவார், மற்ற லோடுகளுக்கு அவரே வண்டி எடுத்துப் பஸ்களை முந்துவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் காப்பி குடிக்க வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டுவார். "இன்னிக்குப் பாத்து வலிக்கி. நீயே போயிரு" என்பார் அம்மாவிடம். அம்மாவும் கவலையான முகத்தோடு சரி என்பாள். அதற்குள் அவள் தலைசீவிப் பூ வைத்திருப்பாள். பையில் துண்டு இருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நோயை நினைத்து நான் மிகவும் கவலைப்பட்டேன். வகுப்பில் என் பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னபோது, அவளுடைய அம்மாவனுக்கு, அதாவது தாய்மாமனுக்கு, அமாவாசைதோறும் தலைவலி வரும், அதுபோலத்தான் இதுவும் என்றாள். ஒரு நாள் பழவங்காடியில், அப்பாவின் காலுக்காக ஒரு தேங்காய் தனியாக உடைக்க வேண்டும் என்று அம்மாவிடம் அடம்பிடித்தேன். அம்மா மறுக்காமல் வாங்கிக் கொடுத்தாள். நானே ஓங்கி உடைத்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு தார்ப்பாய் கட்டும் கயிற்றில் ஒன்றை வாசல் திண்டில் வைத்து மறந்துவிட்டோம். வண்டி தெருமுனையில் திரும்பப்போகும்போது, என் பக்கத்துக் கண்ணாடியில் அப்பா தெரிந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கயிற்றோடு, ஓட்டப் பந்தயத்துக்கு வந்தவர்போல ஓடிவந்தார். வழியிலிருந்த சாக்கடை ஓடையை ஒரே தாவலில் தாண்டினார்.

"அம்மா, அப்பா ஓடி வாறாவ. கால் சரியாயிட்டு" என்று நான் தலையை வெளியே நீட்டிக் கத்தினேன்.

என் முகத்தைப் பார்த்ததும் அப்பா சட்டென்று நின்றார். ஒரு கணம் யோசித்தார். பிறகு மெல்ல மெல்ல நொண்டிக்கொண்டு நடந்து வந்தார். நான் மறுபடியும் கண்ணாடியில் பார்த்தேன். இடது காலை நொண்டிக்கொண்டிருந்தார். அடிபட்டது வலது கால்.

கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும் என்று அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் எனக்கு அதில் சந்தேகம் எதுவும் வரவில்லை. அவர் வருவதைத் தலை திருப்பி நேராகவே பார்த்திருந்த அம்மா, கயிற்றை வாங்கி வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தபிறகு, அவள் எதற்காகச் சிரிக்கிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு, அதை முந்தானையால் துடைத்துக்கொண்டு, பேரூர்க்கடை வரைக்கும் அவள் அப்படியே வண்டி ஓட்டினாள்.